வேட்டை லைசென்ஸ்

திருமூர்த்தி தன் ஆயுசில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனாலும் டெக்சாஸ் மாநிலம் அவனை வேட்டைக்காரன் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஆகஸ்ட் கடைசியோடு அந்தச் சீட்டின் ஆயுள் முடியும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் மானும் காட்டு வான்கோழியும் சுடலாம். அவனுக்கு அதிலெல்லாம் ஆசையே கிடையாது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து, டாலஸுக்கு வடக்கே நாற்பது மைல் தள்ளி வீடு வாங்கி, வீட்டிலிருந்தபடியே ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற மனுஷன். கோழிக்கறி வாங்கினால்கூடக் கழுவுகிற வேலையைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு ஹாலுக்குப் போய்விடுவான்.

பிறகு லைசென்ஸ் எதற்கு? சட்டம் அப்படி. விசாவில் வேலை பார்க்கிறவன் அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கையில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் வைத்திருக்கலாம். எந்த மகராசன் யோசித்து எழுதினானோ, வேட்டைக்காரன் என்றால் நல்லவனாகத்தான் இருப்பான் என்று எழுதிவைத்துவிட்டான்.

துப்பாக்கி வந்தது பன்றியால். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வேய்ன் என்கிற கிழவரின் இருபது ஏக்கர். முன்னொரு காலத்தில் இந்தத் தெரு முழுக்கவே வேய்ன் குடும்பத்து மாட்டுப் பண்ணைதான். விற்று விற்று மிச்சம் இவ்வளவு. அந்த ஓடைப் புதரிலிருந்து காட்டுப் பன்றிகள் வந்து, பெண்டாட்டி பிரீத்தி பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரையை ஒரே வருஷத்தில் மூன்று தடவை உழுதுவிட்டுப் போயின. வேய்ன்தான் வழி சொன்னார். திருமூர்த்தி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, கடையில் கறுப்பாக ஒரு ரைஃபிளை வாங்கி வந்தான். டி.வி.யில் எந்த ரைஃபிளைக் காட்டிக் காட்டிச் சண்டை போடுகிறார்களோ, அதே ஜாதி. வேய்ன் நிலத்தில் பன்றிக்காக நாலு மணி நேரம் காத்துக் கிடந்தான். கொசு கடித்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அது படுக்கையறை அலமாரியில் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று வருஷமாக வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து பிரீத்தி அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அந்த லைசென்ஸையும் தொடவில்லை. இதுதான் பின்னால் வினையாக முடிந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் காகிதம் என்றால் பிரீத்திதான். பாஸ்போர்ட், விசா, டிரைவிங் லைசென்ஸ், கார் இன்ஷூரன்ஸ் என்று எது எப்போது காலாவதியாகும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு மணி. வேட்டை லைசென்ஸை மட்டும், "இந்த எழவ என்ற ஃபைல்ல வெக்கமாட்டேன். நீங்களாச்சு, உங்க துப்பாக்கியாச்சு" என்று ஒதுக்கிவிட்டாள்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸில் அக்டோபர் என்றால் பெயருக்குத்தான் குளிர்காலம் பக்கத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது. பிரீத்தி அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள். துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, மேலே நெய் ஊற்றினால் வேய்னுக்கு உயிர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான மனுஷன், டப்பாவைத் திறந்து அரை நிமிஷம் வாசனை பிடித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சில வருஷத்துக்கு முன்னால் வந்த பெரிய பனிக்கட்டிக் குளிரில் நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது, விறகும் கேஸ் அடுப்பும் கொண்டுவந்து கொடுத்து மகள் யாமினியோடு மூன்று பேரையும் காப்பாற்றியவர் அவர்தான். அந்த அடுப்பில் பிரீத்தி வைத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, இது மருந்தா சாப்பாடா என்று கேட்டவரும் அவர்தான்.

டப்பாவோடு இருவரும் போனபோது, வேய்ன் வேலியோரம் ஒரு பலகையைச் சுத்தியலால் அடித்து நட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தியொரு வயசு. ஆனால் அடி ஒவ்வொன்றும் இடிமாதிரி விழுந்தது. பலகையில் கொட்டை எழுத்தில், நாங்கள் இணங்க மாட்டோம் என்று இங்கிலீஷில் இருந்தது. வேய்னின் டெக்சாஸ் இழுவைப் பேச்சைத் தமிழில் எழுத ஏலாது, பொருளைத்தான் சொல்லலாம்.

"என்னங்க மிஸ்டர் வேய்ன், யாருக்கு இணங்கமாட்டீங்க?" என்று பிரீத்தி இங்கிலீஷில் கேட்டாள்.

"எலக்‌ஷன் வருதில்ல. ஒருத்தர் மேடையேறிச் சொல்லியிருக்கார், உன் புருஷன் வெச்சிருக்கிற மாதிரி ரைஃபிளை எல்லாம் அரசாங்கம் கட்டாயமா வாங்கிக்குமாம். குடுக்கலைன்னா குத்தமாம். வியாழக்கிழமை சாயங்காலம் கம்யூனிட்டி ஹால்ல கூட்டம். எல்லாரும் வந்து குடுக்கமாட்டோம்னு சொல்லப்போறோம்." சட்டைப் பையிலிருந்து அதே வாசகம் போட்ட நோட்டீஸை எடுத்துத் திருமூர்த்தியிடம் நீட்டினார். "நீயும் வா."

திருமூர்த்தி நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல எலக்‌ஷன் வந்தா துப்பாக்கியக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துரணும்" என்றான் சாதாரணமாக.

வேய்னின் சுத்தியல் நின்றது.

"எங்கப்பா குமாரசாமின்னா ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும். மலையடிவாரத்துல எங்க சோளக்காடு. பன்னிய வெரட்ட லைசென்ஸோட ஒரு பழைய துப்பாக்கி வெச்சிருந்தார். எலக்‌ஷன் தேதி அறிவிச்சாங்கன்னா, ஒரு ஜமக்காளத்துல சுத்தி சைக்கிள்ல கட்டிட்டுப் போய் டெபாசிட் பண்ணிருவார். ஏட்டு டீ வாங்கிக் குடுப்பார். ரசீது எழுதிக் குடுப்பார். ரிசல்ட் வந்தப்புறம் ரசீதக் காட்டி வாங்கிட்டு வருவார்."

"ஒவ்வொரு எலக்‌ஷனுக்குமா?"

"எம்.எல்.ஏ., எம்.பி., பஞ்சாயத்து, எல்லாத்துக்கும்."

"கேட்டதும் குடுத்துட்டாரா? எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலையா?"

"ரசீதுதான் குடுக்கறாங்களே."

"ரசீது!" என்று வேய்ன் வானத்தைப் பார்த்தார். "சரி, எலக்‌ஷன் முடிஞ்சு திருப்பித் தரலைன்னா?"

"தந்துருவாங்க. ஒரு வருஷம் எங்கப்பாவே போய் வாங்கல. இருந்தாலும் பன்னி வருது, இல்லாட்டியும் பன்னி வருது, இதச் சுமந்துட்டு யார் அலையறதுன்னுட்டார்."

பிரீத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேய்ன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கப்பா நல்ல மனுஷன். ஆனா எனக்கு ஆகாது. முதல்ல லிஸ்ட் எடுப்பாங்க. யார்கிட்ட எந்த நம்பர் துப்பாக்கின்னு. லிஸ்ட் இருந்தா என்னைக்காவது ஒருநாள் வாசலுக்கு வருவாங்க. என்கிட்ட இருக்கிற அஞ்சும் எங்க தாத்தாவும் அப்பாவும் விட்டுட்டுப் போனது. எதுக்கும் காகிதம் கிடையாது. என் பேரும் ஒரு துப்பாக்கி நம்பரும் ஒரே தாள்ல இருந்ததே இல்லை. சாகறவரைக்கும் இருக்கவும் விடமாட்டேன்."

பிரீத்தி தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியை. ஐந்து வயசுக் குழந்தைகள் பதினெட்டுப் பேர். மூக்குத் துடைத்து, ஷூ லேஸ் கட்டி, ஆப்பிள் நறுக்கிக் கொடுக்கிற வேலை. துப்பாக்கியோடு எவனாவது பள்ளிக்குள் புகுந்தால் எப்படி ஒளிவது என்று ஒத்திகையும் உண்டு, அதற்குப் பேர் லாக்டவுன் டிரில். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்டர் வேய்ன், எங்க ஸ்கூல்ல லாக்டவுன் டிரில் வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? லைட்ட ஆஃப் பண்ணிட்டு, பதினெட்டுப் புள்ளைங்களையும் மூலையில உக்காரவெச்சு, ஆளுக்கு ஒரு லாலிபாப் குடுப்பேன். வாயில லாலிபாப் இருந்தா அழமாட்டாங்க. அழுதா சத்தம் வெளிய கேக்கும். அதுக்குன்னே என் மேஜையில ஒரு டப்பா வெச்சிருக்கேன்."

வேய்ன் சுத்தியலைக் கீழே வைத்தார். "அது எனக்கும் வலிக்குதும்மா. என் பேத்தியும் ஸ்கூலுக்குத்தான் போறா. ஆனா தப்பு செய்றவன் கையிலிருந்து புடுங்கறத விட்டுட்டு, என் கையிலிருந்து ஏன் புடுங்கணும்?"

"தப்பு செய்றவனும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் உங்கள மாதிரித்தானே இருந்திருப்பான்?"

வேய்ன் அவளையே பார்த்தார். பிறகு டப்பாவைக் கையில் வாங்கினார். "நல்ல கேள்வி. ஆனாலும் குடுக்கமாட்டேன்" என்றார். சாதத்துக்கு நன்றி சொல்ல மறக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் கல்யாணக்களை. பதினோரு வருஷம் காத்திருந்த க்ரீன் கார்டு வரிசை நகர்ந்து, திருமூர்த்தியின் தேதி வந்துவிட்டது. பிரீத்தி சாப்பாட்டு மேஜை முழுக்க ஃபைல்களைப் பரப்பி, லேப்டாப்பில் ஃபார்மைத் திறந்துவைத்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக்கொண்டு போனாள். திருமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி, இல்லை, இல்லை, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயசு யாமினி எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள். அவளுக்கு ஃபார்ம் தேவையில்லை.

"தீவிரவாதக் கூட்டத்துல சேந்தீங்களா?"

"அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்லகூடச் சேரல."

"கைதாகாட்டியும் பரவால்ல, எப்பவாவது ஏதாச்சும் குத்தம் பண்ணியிருக்கீங்களா?"

"உன்னையக் கட்டிக்கிட்டதுதான்."

பிரீத்தி அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது. "ஏனுங்க, அந்த வேட்டை லைசென்ஸ் எங்க?"

"பர்ஸ்ல இருக்குது."

"எடுங்க."

எடுத்தான். இரண்டாக மடித்து, ஓரம் நைந்துபோன மஞ்சள் தாள். பிரீத்தி விளக்குக்கு நேராகப் பிடித்து வாசித்தாள். "ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட முடிஞ்சிருச்சுங்க. ஆறு வாரம் ஆச்சு."

"அட, மறந்துபோச்சு. ஆன்லைன்லயே ரெனியூ பண்ணிக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"இன்னைக்கு ரெனியூ பண்ணா இன்னையிலிருந்துதான் கணக்கு. இந்த ஆறு வாரத்துக்கு என்ன சொல்லுவீங்க? லைசென்ஸ் இல்லாம விசாவுல இருக்கறவன் துப்பாக்கி வெச்சிருந்தா அது என்ன குத்தம்னு தெரியுமா? சின்னக் குத்தம் இல்லீங்க. ஊருக்கே தாட்டி உட்ருவாங்க. பதினோரு வருஷம் போச்சு!"

"பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கறத யாரு பாத்தாங்க? ஆறு வாரம் மறந்ததெல்லாம் ஒரு குத்தமா? இல்லைன்னு போடு, கண்ணு."

"யாரும் பாக்காட்டியும் பரவால்லன்னுதான் கேள்வியே கேட்டிருக்கான்!"

"நீ பாஸ்போர்ட்டெல்லாம் மணி வெச்சுப் பாக்கற. இதையும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருந்தா..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. பிரீத்தியின் கண் நிறைந்தது. கோபத்தைவிட, அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளைச் சுட்டது. வீம்புக்குத்தானே அந்தத் தாளை ஒதுக்கினாள். துப்பாக்கியை வெறுத்தால் வெறுக்கட்டும், தேதி என்ன பாவம் செய்தது?

யாமினி பென்சிலை வைத்தாள். "ஸோ... இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் அதுக்கு ரைட் இருக்கா? பிகாஸ் ஐ வாஸ் பார்ன் ஹியர்?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டாள். "ஐ டோன்ட் வான்ட் இட்" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட இடைவேளையில், பிரீத்தி நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் இருக்கிற லாயர் காமாக்ஷிக்குப் போன் போட்டாள். மெட்ராஸ் மாமி. பேச்சில் தயிர்சாதம், சட்டத்தில் அரிவாள்.

"பிரீத்தி, நான் சொல்றத நன்னாக் கேட்டுக்கோ. அந்த வஸ்து இன்னிக்கே ஆத்தை விட்டு வெளியில போயாகணும். ஆனா உங்காத்துக்காரர் அதைத் தொடப்படாது, கார்ல வெக்கப்படாது. சிட்டிசன் யாராவது வந்து எடுத்துண்டு போகட்டும். யார் எடுத்துண்டா, எந்த நம்பர், என்னிக்கி, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோ. அந்தக் கேள்விக்கு ஆமான்னுதான் போடணும். பொய் சொன்னா அதுதான் பெரிய குத்தம். ஆமான்னு போட்டு, அந்தப் பேப்பரையும் சேர்த்து அனுப்பலாம். உறுதி எதுவும் சொல்லமாட்டேன். ஆனா சான்ஸ் இருக்கு."

பிரீத்தி புருஷனுக்கு உடனே மெசேஜ் அடித்தாள்: "லாயர்கிட்ட பேசிட்டேன். இன்னைக்கே அது வீட்டை விட்டுப் போயிரணும்." அனுப்பினாள். அடுத்த வரியாக, நீங்க மட்டும் தொடாதீங்க என்று அடிக்க ஆரம்பிப்பதற்குள் ஒலிபெருக்கி கூவியது. லாக்டவுன். இது டிரில் மட்டுமே.

டிரில்தான். ஆனால் விதி விதிதான். போனைத் தொடக் கூடாது. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, குழந்தைகளை மூலைக்கு ஓட்டி, டப்பாவைத் திறந்து லாலிபாப் கொடுத்தாள். பதினெட்டு வாயும் மூடின. இருட்டில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்தாள். ஒரு சின்னப் பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, லாலிபாப்பைச் சத்தமில்லாமல் சப்ப முயன்றுகொண்டிருந்தாள். பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுக்க முடியவில்லை. இருபது நிமிஷம்.

விளக்குப் போட்டதும் எடுத்துப் பார்த்தாள். முதல் மெசேஜ்: "சரி. நான் பாத்துக்கறேன்." இரண்டாவது: "ஸ்டேஷனுக்குப் போறேன். அப்பா மாதிரி டெபாசிட் பண்ணி ரசீது வாங்கிடறேன். நீ கவலப்படாதே."

டெக்சாஸில், எலக்‌ஷன் நேரத்தில், கறுத்த தாடி வைத்த ஒரு மனுஷன், நீளமாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஏறப்போகிறான். டீ வாங்கித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு. அவன் வாயைத் திறப்பதற்குள் என்னவேண்டுமானாலும் நடக்கலாம். பிரீத்தி போன் போட்டாள். எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும்போது போனை சைலன்ட்டில் வைப்பது மரியாதை என்று நினைக்கிற ஜன்மம்.

அவளுக்கு அங்கே போய்ச்சேர இருபது நிமிஷம் ஆகும். அவளுக்குத் தெரிந்து ஐந்து நிமிஷத் தூரத்தில் இருந்த ஒரே ஆள் வேய்ன். போட்டாள். அழுகையும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். வேய்ன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தக் கார்?"

பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது வடக்கே வானம் நீலக் கறுப்பாகத் திரண்டிருந்தது. பாதி வழியில் வாடைக்காற்று இறங்கியது. காலையில் கொதித்த ஊர் கால்மணி நேரத்தில் இருபது டிகிரி இறங்கிவிட்டது. உடுமலைப்பேட்டை மாரியம்மனுக்கு அந்த இருபது நிமிஷத்தில் அவள் வேண்டிக்கொண்டதை எல்லாம் நிறைவேற்ற இன்னும் நாலு ஜென்மம் வேண்டும்.

ஸ்டேஷன் பார்க்கிங்கில் அவர்களுடைய சாம்பல் நிறக் கார் நின்றது. அதற்குப் பின்னால், டிக்கியைத் திறக்க முடியாதபடி, வேய்னின் ட்ரக் குறுக்கே நின்றது. வேய்ன் டிக்கி மேல் சாய்ந்துகொண்டு ஒரு இளம் போலீஸ்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பிரீத்தி காரை நிறுத்தி இறங்குவதற்குள் அந்தப் போலீஸ்காரன் சிரித்து, வேய்னின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

"சின்னப் பையனா இருந்தப்ப அவனுக்கு பேஸ்பால் சொல்லிக் குடுத்தேன்" என்றார் வேய்ன். "மழை வரும்போல இருக்குன்னு பேசிட்டிருந்தோம். உன் புருஷன் கார்லதான் இருக்கான்."

திருமூர்த்தி முன்சீட்டில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பிரீத்தி கதவைத் திறந்தாள். அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவளுக்கு இருந்தது.

"உள்ள போலீங்களா?"

"வாசல் வரைக்கும் வெறுங்கையோட போனேன், கண்ணு. ஆயுதத்தோட வரக் கூடாதுன்னு போர்டு இருக்குது. அத உட்டுட்டுப் போய், கார்ல துப்பாக்கி வெச்சிருக்கேனுங்கன்னு எப்படிச் சொல்றது? என்ன சொன்னாலும் நெம்பத் தப்பாக் கேக்குது. நாலு தடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். அப்புறம் வந்து உக்காந்துட்டேன்." ஸ்டேஷன் வாசலைப் பார்த்தான். "எங்கப்பாவ உக்காருங்கம்பாங்க பிரீத்தி. பெஞ்சு போட்டிருக்கும்."

அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவள் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வேய்ன் தன் ட்ரக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். "இங்கேயே மாத்திரலாம். நான் எடுத்து என் ட்ரக்ல வெச்சா யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க" என்றார். சொன்னபிறகு, சொன்னதன் அர்த்தம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டார். டிக்கியைத் திறந்து, பவானி ஜமக்காளத்தில் சுற்றியிருந்ததைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் ட்ரக்கின் பின்சீட்டில் குழந்தையைப்போலக் கிடத்தினார். ஆனது ஒரே நிமிஷம். "முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க."

"முடியலைங்க மிஸ்டர் வேய்ன்" என்றாள் பிரீத்தி. "எனக்கு எழுதித் தரணும். இத நீங்க வாங்கிக்கிட்டீங்கன்னு. பேரு, விலாசம், இன்னைக்குத் தேதி, அதோட நம்பர்."

வேய்ன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "நமக்குள்ள எதுக்கும்மா காகிதம்?"

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் ஃபைலுக்குத்தான், வேறு யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார். நாக்கு நுனிவரை அது வந்தது. பதினோரு வருஷம் அந்த நாக்கைப் பிடித்துத் தள்ளியது. ஆனால் இதே மனுஷன்தான் விறகு சுமந்துவந்தவர்.

"எங்களுக்கில்லைங்க. அந்தத் தாள் க்ரீன் கார்டு ஃபார்மோட அரசாங்கத்துக்குப் போகுது. உங்க பேரும் அந்த நம்பரும் அவங்ககிட்ட இருக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க. முடியாதுன்னா நான் தப்பா நெனைக்கமாட்டேன். வேற யாரையாவது பாக்கறேன்."

வேறு யாரும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது. வேய்ன் ஸ்டேஷனைப் பார்த்தார், ட்ரக்கைப் பார்த்தார், காருக்குள் குனிந்திருந்த திருமூர்த்தியைப் பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார். எழுபத்தியொரு வருஷத்தை ஒரு மனுஷன் அவ்வளவு சுலபத்தில் தாண்டிவிட முடியாது. பிரீத்தி அவசரப்படுத்தவில்லை.

"அவங்கப்பா போய் வாங்கவே இல்லைன்னானே, அந்தத் துப்பாக்கியோட ரசீது என்ன ஆச்சு?" என்று திடீரென்று கேட்டார்.

"தெரியாதுங்க. எங்கயாச்சும் பீரோவுல இருக்கும்."

வேய்ன் தலையாட்டினார். சட்டைப் பையில் தேடினார். கிடைத்தது சாயங்காலக் கூட்டத்து நோட்டீஸ் மட்டும்தான். அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை ட்ரக்கின் பானெட்டில் வைத்து, காற்றுக்கு ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"கண்ணாடி வீட்டுல இருக்கு. நம்பர் பொடி எழுத்து, எனக்குத் தெரியாது. அவன் தொடக் கூடாதுன்னு உன் லாயர் சொல்லியிருப்பாங்க. நீ பாத்துச் சொல்லு."

மூன்று வருஷம் பெட்டியைக்கூடத் தொடாதவள் ட்ரக்கின் பின்கதவைத் திறந்தாள். ஜமக்காளத்தை விலக்கினாள். நினைத்திருந்ததைவிட அது கனத்தது, நினைத்திருந்ததைவிடக் குளிர்ந்திருந்தது. கையால் திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் வேய்ன் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். கீழே தன் முழுப்பேரை எழுதினார். விலாசத்தை எழுதினார். கேட்காமலே போன் நம்பரையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"கூட்டத்துக்குப் போவீங்களா?" என்றாள் பிரீத்தி.

"போகாம? ஏழு மணிக்கு அங்கதான் இருப்பேன்" என்றார். "இணங்கமாட்டேன்." ட்ரக்கில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, சூடாகக் கொள்ளு ரசம் வைத்து மூன்று பேரும் குடித்தபிறகு, பிரீத்தி ஃபார்மைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு வந்ததும் லேப்டாப்பைத் திருமூர்த்தி பக்கம் திருப்பினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆம் என்ற கட்டத்தைத் தொட்டான். யாமினி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

பிரீத்தி நோட்டீஸை ஸ்கேன் பண்ணினாள். மெல்லிய தாள். பின்பக்கத்துக் கொட்டை எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் ஊறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி, வேய்னின் பேருக்கும் அந்த நம்பருக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இணங்க மாட்டோம். வெளிச்சத்தைக் கூட்டி இரண்டாம் தடவை ஸ்கேன் பண்ணினாள். அப்போதும் தெரிந்தது.

மூன்றாம் தடவை அவள் பண்ணவில்லை. அப்படியே அனுப்பினாள்.